அழைப்பும் உரிமையும்: எல்லைத் திறப்பு விவாதமும் மலையக அனுபவமும்

ஒரு நாட்டின் எல்லையை விரும்பியவர் விரும்பியவாறு கடந்து வரலாமா, அன்றி வருவோரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அந்நாட்டு அரசுக்கு உண்டா என்னும் வினா, மேலைத்தேய அரசியற் சிந்தனையில் அண்மைக் காலத்தில் மிகுந்த சூட்டோடு விவாதிக்கப்பட்டு வருகின்றது. இவ்விவாதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அரசின் தலையீட்டைக் கூடிய மட்டும் குறைக்க வேண்டும், தனிமனிதனின் சொத்துரிமையும் ஒப்பந்த உரிமையுமே சமூக வாழ்வின் அத்திவாரம் என்று கூறும் லிபர்டேரியன்வாதிகள் — இக்கட்டுரையில் அவர்களைச் சுதந்திரவாதிகள் என்றே குறிப்பிடுவோம் — இந்த ஒரு வினாவில் மட்டும் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரே எடுகோள்களிலிருந்து புறப்பட்ட ஒரு சாரார் எல்லைகள் திறக்கப்படல் வேண்டும் என்ற முடிவுக்கும் மறுசாரார் அவை கடுமையாகக் காக்கப்படல் வேண்டும் என்ற முடிவுக்கும் வந்து சேர்ந்துள்ளனர். இரு சாராரும் தத்தம் வாதங்களை மெய்ப்பிக்க அமெரிக்காவையும் மேற்கு ஐரோப்பாவையுமே உதாரணங்காட்டுகின்றனர். ஹற்றனையும் நுவரெலியாவையும் தலவாக்கலையையும் அவர்கள் அறியார். அறிந்திருப்பின் இவ்விவாதம் வேறொரு வடிவத்தைப் பெற்றிருக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் அவர்களுடைய வாதங்களை நேர்மையாக எடுத்துக் கூறுதல் முறையாகும். 1974 இல் றொபேட் நோசிக் வெளியிட்ட நூல், உரிமைகளைப் பாதுகாப்பதற்கு மேலாக அரசுக்கு வேறு பணியில்லை என்று வாதிட்டது. நோசிக்கின் கொள்கையை ஏற்றாதவராயினும், அக்கொள்கையை அதன் தருக்க முடிவுவரை கொண்டு சென்று காட்டியவர் ஜோசப் கேரன்ஸ். 1987 இல் எழுதிய கட்டுரையில் அவர் ஓர் எளிய உதாரணத்தைத் தருகிறார். அமெரிக்க விவசாயி ஒருவன் மெக்சிக்கோத் தொழிலாளி ஒருவனைக் கூலிக்கு அமர்த்த விரும்புகிறான். தொழிலாளியும் அதற்கு உடன்படுகிறான். இருவருடைய சம்மதத்தோடு நிகழும் இக்கொடுக்கல் வாங்கலில் குறுக்கிட அரசுக்கு என்ன உரிமை உண்டு? பின்னாளில் வோல்டர் புளொக், மைக்கேல் ஹியூமர், பிறையன் கப்லன் ஆகியோர் இவ்வழியிற் சென்றனர். கப்லன் 2019 இல் தம் வாதத்தைச் சித்திரக்கதை நூலாகவே வெளியிட்டார். அரசியற் பொருளாதாரத்தைச் சித்திரக்கதையாக்கும் துணிவு நம்மவர்க்கும் வாய்த்தால் நன்று.

எதிர்ச்சாராரில் முதன்மையானவர்கள் மறி றொத்பாட்டும் ஹான்ஸ் ஹேர்மன் ஹொப்பேயுமாவர். நீண்ட காலம் எல்லைத் திறப்பை ஆதரித்த றொத்பாட் 1994 இல் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். நிலம் முழுவதும் தனியார் உடைமையான ஒரு நாட்டைக் கற்பனை செய்தால், அங்கு உரிமையாளன் ஒருவனின் அழைப்பின்றி எவரும் ஓரடியும் எடுத்து வைக்க முடியாது. ஆகவே தடையற்ற குடிவரவு என்பது சொத்துரிமையின் விளைவன்று, அதன் மறுப்பே என்பது அவர் வாதம். ஹொப்பே இதனை விரித்து, உள்நாட்டு உரிமையாளன் ஒருவன் அழைத்து, அவ்வழைப்பின் செலவையும் பொறுப்பையும் அவனே ஏற்கும்போது மாத்திரமே குடிவரவு நியாயமானதாகும் என்றார்.

ஆக, விவாதத்தின் மையச்சொல் அழைப்பு என்பதாகும். அழைப்பும் சம்மதமும் இருந்தால் இரு சாராருக்கும் முரண்பாடு எழ இடமில்லை. மலையகத் தமிழரின் வரலாறு இவ்விடத்திலேதான் அவர்களுக்குச் சங்கடமாகின்றது. ஏனெனில் உலகில் எந்த மக்கட் கூட்டமேனும் நிலவுரிமையாளனால் ஐயத்திற்கிடமின்றி அழைக்கப்பட்டு வந்ததென்றால், அது இம்மக்கட் கூட்டமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினர். கோப்பி பருவப் பயிர். ஆகவே வந்தோர் பறித்து முடித்துப் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதும், 1869 அளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்ததும் நிலைமையை மாற்றின. தேயிலைச் செடிக்கு ஓய்வுப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ளப்படல் வேண்டும். அதற்கு ஊர் திரும்பாத, குடும்பத்தோடு வாழும் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1885 இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியபோது மலைநாடு ஏறத்தாழ முழுவதும் தேயிலையை நோக்கித் திரும்பிவிட்டது.

இக்காலம் முழுவதும் இலங்கையின் எல்லை திறந்தேயிருந்தது. கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை. இருந்ததெல்லாம் மண்டபம் முகாம். இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலே நடத்திய அம்முகாமில் வருவோரின் உடல்நலம் சோதிக்கப்பட்டது. தொற்றுநோய் கடல் கடக்கலாகாது என்பதே அரசின் கவலையாயிருந்தது. சோதனை முடிந்தவர்க்கு எண்ணும் தோட்டக் குறியும் பொறித்த தகரத் துண்டொன்று வழங்கப்பட்டது. கடவுச்சீட்டு இன்ன நாட்டவன் என்று கூறும். தகரத் துண்டோ இன்ன தோட்டத்துக்குச் சேரவேண்டியவன் என்று கூறிற்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் மருதி கடல் கடந்து தேயிலைத் தோட்டத்துக்கு வருவதை எந்த எல்லைக் காவலனும் தடுக்கவில்லை. 1935 இல் வெளிவந்த அக்கதையின் துன்பமெல்லாம் அவள் தடையின்றி வந்து சேர்ந்த பின்னரே நிகழ்கின்றது. நம் விமரிசகர்கள் அக்கதையை வறுமையின் கதையாகவும் பாலியற் சுரண்டலின் கதையாகவும் வாசித்துள்ளனர். எல்லை திறந்திருப்பதும் மனிதன் சுதந்திரமாயிருப்பதும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் கதையாகவும் அதனை வாசிக்க இடமுண்டு.

எல்லை துறைமுகத்தில் இல்லாதிருந்தது மெய்யே. ஆனால் அது தோட்டத்தின் வாயிலில் இருந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், வேலை ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுச் செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெரிய கங்காணி கொடுத்த முன்பணமும் பயணச் செலவும் தொழிலாளியின் கடனாக எழுதப்பட்டன. வேறொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவ்வாட்களை விடுவிப்போம் என்பதே துண்டின் வாசகத்தின் சாரம். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வான். கடன் தொழிலாளியோடு கூடவே புதிய தோட்டத்துக்குக் குடிபெயரும். இம்முறை 1921 ஆம் ஆண்டுவரை நீடித்தது. அழைப்பவன் செலவை ஏற்க வேண்டும் என்பது ஹொப்பேயின் நிபந்தனை. இங்கோ அழைப்பின் செலவு அழைக்கப்பட்டவனின் கடனாயிற்று. நிபந்தனை மீறப்பட்டதனால் இதனைத் தம் கொள்கைக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என அவர் கூறக்கூடும். ஆயின், கூலி கொடுப்பவனும் குடியிருப்புக் கொடுப்பவனும் கடன் கொடுப்பவனும் ஒருவனேயாயிருக்கும் இடத்தில், அச்செலவைத் தொழிலாளியின் தலையில் ஏற்றாது தடுக்கக்கூடியது எது என்னும் கேள்விக்கு அவருடைய நூல்களில் விடையில்லை. உண்மையில் அதனை ஓரளவேனும் தடுத்தது அவர் வெறுக்கும் அரசின் சட்டமே.

கேரன்சின் விவசாயியின் இடத்தில் துரையையும் மெக்சிக்கோத் தொழிலாளியின் இடத்தில் மருதியையும் வைத்துப் பார்த்தால் மற்றச் சாராரின் குறையும் புலனாகும். சம்மதம் ஒரு கணத்தில் நிகழ்வது. கூலி வாழ்வோ தலைமுறைகளுக்கு நீள்வது. முதல் நாளின் சம்மதத்தைக் கொண்டு மூன்றாம் தலைமுறையின் நிலையை நியாயப்படுத்த முடியுமா?

தோட்டம் தனியார் சொத்தாகையால் அத்துமீறிப் பிரவேசிப்பதைத் தடுக்கும் சட்டம் அதன் வேலியாயிருந்தது. தொழிற்சங்கவாதி உள்ளே வர முடியாது. துரைக்குப் பிடிக்காத உறவினரும் வர முடியாது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்த வரலாறு மலையகத்தில் யாவரும் அறிந்தது. 1931 இல் ஹற்றனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அதனை நகரிலே அமைத்தமைக்குக் காரணம் வேறில்லை. றொத்பாட் கற்பனையிற் கண்ட நாடு, உரிமையாளனின் அழைப்பின்றி ஓரடியும் வைக்க முடியாத அந்த நாடு, நம் மலைகளிலே நூறாண்டு காலம் நிலவியது. அதன் பெயர் எஸ்டேட்.

இங்கு ஒரு கிளைக்கதையையும் சொல்லாது விட மனமில்லை. 1936 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்னும் வெள்ளை இளைஞர் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்குத் துரைமார்த் தொழில் பயில வந்தார். முறையாக அழைக்கப்பட்டே வந்தார். ஆயின் தொழிலாளரின் பக்கம் சாய்ந்து, சமசமாஜக் கட்சியின் மேடையில் ஏறிப் பேசத் தொடங்கினார். 1937 இல் தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதெனத் தீர்த்தது. இலட்சக்கணக்கானோர் தடையின்றி வந்திறங்கிய ஒரு காலத்தில், துறைமுக வாயில் ஒரு மனிதனுக்காக மூட முயன்றது எதனால் என்பதைச் சிந்தித்தல் நன்று.

இனி, அழைத்தவனின் நிலவுரிமையை நோக்குவோம். இவ்விடயத்தில் சிங்களத் தேசியவாதிகளின் வாதத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது, ஒதுக்கியே பழகிவிட்டோம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்ற அனுமானத்தை நிறுவிற்று. கண்டிய விவசாயிகளின் சேனைகளும் மேய்ச்சல் நிலங்களும் இவ்வழியே முடியின் கைக்குச் சென்று, அங்கிருந்து அற்ப விலைக்குத் தோட்டக்காரரின் கைக்கு மாறின. விவசாயியின் மனக்குறை உண்மையானது. றொத்பாட் தம் நிலைப்பாட்டை மாற்றியதற்குக் கூறிய காரணமும் இதனோடு ஒத்ததே: சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது, எஸ்தோனியாவிலும் லத்வியாவிலும் பேரரசினாலே குடியேற்றப்பட்ட ரஷ்யரைக் கண்டு, பேரரசு ஒன்று குடிப்பெயர்வைக் கொண்டு ஒரு தேசத்தின் இயல்பையே மாற்றிவிடலாம் என அவர் அஞ்சினார். பேரரசு கொண்டுவந்த மக்கள் என்னும் இவ்வாதத்தைக் கொழும்பிலே அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே பலர் பேசியிருந்தனர்.

ஆனால் றொத்பாட்டின் சொத்துக் கொள்கை அவரை இங்குக் காப்பாற்றவில்லை, காட்டிக்கொடுக்கிறது. நிலத்தோடு தன் உழைப்பைக் கலந்தவனே அதன் நியாயமான உரிமையாளன், அரசு கொடுத்த பட்டயம் உரிமையாகாது என்பது அவருடைய அடிப்படை. அமெரிக்க அடிமைகள் விடுதலை பெற்றபோது அவர்கள் பாடுபட்ட தோட்ட நிலங்கள் அவர்களுக்கே சேர்ந்திருக்க வேண்டும் என 1982 இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியுமுள்ளார். இவ்வளவுகோலை மலைநாட்டுக்கு வைத்தால், உரிமை கோரக்கூடியவர் இருவரே: சேனை செய்த கண்டிய விவசாயி ஒருவர், காட்டை வெட்டிக் கானெடுத்துக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளி மற்றவர். இருவருக்குமிடையே வழக்கு உண்டு. அது எளிதில் தீர்வதன்று. ஆயினும் அவ்வழக்கில் துரைக்கு இடமேயில்லை. நிகழ்ந்ததோ நேர்மாறானது. 1948 இலும் 1949 இலும் சட்டங்கள் தொழிலாளியை அந்நியனாக்கின; அழைத்தவனின் சொத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்கள் 1975 வரை அவற்றிடமே இருந்தன. விவசாயியின் பெயராற் பேசியவர்கள் விவசாயிக்கு நிலத்தை மீட்டுக்கொடுக்கவில்லை. தொழிலாளியின் வாக்கைப் பறித்துக் கொடுத்தனர்.

அச்சட்டங்களைச் சிறிது விரிவாகவே காணல் வேண்டும். 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவர் மரபுவழிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். லயத்திற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் காட்டுவது எவ்வாறு? அதே ஆண்டில் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், மறு ஆண்டில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும், வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மாத்திரம் உரியதாக்கிய தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானையும் தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952 தேர்தலில் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவை நம்பித் தொடுக்கப்பட்ட வழக்கில், இவை பிரசாவுரிமை பற்றிய சட்டங்களேயன்றி ஒரு சமூகத்துக்கு எதிரான பாரபட்சமல்ல என 1953 இல் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது.

குடிவரவுக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் பொதுவாக ஒரு படிமத்தை நம்முன் வைக்கின்றனர்: வீட்டுக்காரன் உள்ளே, விருந்தாளி வெளியே, நடுவிற் கதவு. இப்படிமத்தில் உள்ளிருப்பவர் யார், வெளியிலிருப்பவர் யார் என்பது முன்னரே முடிவான விடயம். மலையகத்திலோ கதவு மூடப்பட்டபோது எவரும் வெளியே நிற்கவில்லை. தேர்ச்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசாங்கமே 1939 இல் தடை செய்துவிட்டது. ஆகவே 1948 இன் சட்டங்கள் தடுத்தது வரப்போகிறவர்களையன்று. வந்தவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும். எல்லைக்கோடு கடலிலிருந்து எடுக்கப்பட்டுக் காலத்தினூடாகப் பின்னோக்கி வரையப்பட்டது. எந்த எல்லையையும் தம் வாழ்நாளில் கடந்திராதோர் குடிவரவாளராயினர். இந்தியத் தொழிலாளர் வரவினால் உள்நாட்டார் வேலையிழந்தனர் என்ற வாதத்தை 1938 ஆம் ஆண்டின் ஜாக்சன் அறிக்கை ஏற்கவில்லை என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். அச்சம் தொழிலைப் பற்றியதாயிருக்கவில்லை, வாக்கைப் பற்றியதாயிருந்தது.

வாக்கு என்னும் இவ்விடத்திலேதான் எல்லைத் திறப்பாளரோடு நமக்குள்ள கருத்து வேற்றுமை கூர்மையடைகின்றது. குடிவரவாளர் உள்நாட்டு அரசியலை மாற்றிவிடுவரே, அரச உதவிகளை உறிஞ்சிவிடுவரே என்ற ஆட்சேபங்களுக்குக் கப்லன் தரும் மறுமொழி யாது? அவர்களை வரவிடுங்கள், வேண்டுமாயின் வாக்கைக் கொடாதீர்கள், உதவிகளைக் கொடாதீர்கள், மேலதிக வரியும் அறவிடுங்கள், முற்றாகத் தடுப்பதிலும் பார்க்க இது மேலானது என்பதாகும். மில்ரன் பிறீட்மனும் இதனையொத்த கருத்தைக் கூறியிருந்தார்: நலன்புரி அரசும் தடையற்ற குடிவரவும் ஒருங்கே நில்லா, உதவிக்கு உரித்தற்ற தொழிலாளராக வருவதே எல்லோருக்கும் நன்மை. ஏட்டளவில் இது சாமர்த்தியமான சமரசம். ஆயின் 1949 க்குப் பிந்திய மலையகம் இச்சமரசம் தசையும் குருதியுமாக நடமாடிய இடம். அங்கு உழைக்கும் உரிமை இருந்தது, வாக்கு இல்லை. விளைவு என்ன? தொழிலாளியின் துயரைப் பேசுவதால் வாக்குப் பெறக்கூடிய அரசியல்வாதி எவனும் இல்லாமற் போனான். தேர்தற் தொகுதிகளோ சனத்தொகையைக் கொண்டு வகுக்கப்பட்டமையால், வாக்கற்ற இம்மக்களின் தலைகளைச் சேர்த்தெண்ணி உண்டாக்கிய ஆசனங்களிற் பிறர் அமர்ந்தனர். வாக்கின்றி வாழ்வதை ஒரு தற்காலிக விலையாகக் கப்லன் கருதுகிறார். அது தற்காலிகமாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தரக்கூடியது வாக்கு ஒன்றே என்பதை அவர் காணவில்லை.

1964 ஒக்ரோபர் 30 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தை இவ்விரு சாராருள் எவரும் ஆதரிக்க முடியாது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. அப்பின்னர் 1974 இல் வந்தது. பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டனர். அம்மக்களின் பிரதிநிதிகள் அப்பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. விண்ணப்பம் கோரப்பட்டபோது, இலங்கைப் பிரசாவுரிமைக்கு ஒதுக்கப்பட்ட தொகையை மிக விஞ்சியோர் விண்ணப்பித்தனர். தெரிவு என்பதற்குச் சுதந்திரவாதிகள் கொடுக்கும் பெருமதிப்பை நாமும் கொடுப்பதாயின், இதனினும் தெளிவான தெரிவு வேறில்லை. ஆயினும் தலைமன்னாரை நோக்கிப் புகைவண்டிகள் புறப்பட்டன. மலையகத்தில் அவற்றுக்கு ஒப்பாரிக் கோச்சி என்ற பெயர் வழங்கிற்று. பாட்டன் நோய்ச் சோதனைக்கு நின்ற அதே மண்டபம் முகாமிற் பேரன் 'தாயகம் திரும்பியோனாக' இறங்கினான். நீலகிரியில் அவர்களுக்கென்றே தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. இங்கே கள்ளத்தோணி என்றும் அங்கே சிலோன்காரன் என்றும் அவர்கள் அழைக்கப்பட்டனர்.

சுதந்திரவாதிகளின் சிந்தனையில் நமக்குப் பயன்படுவது ஒன்றுமில்லை என்பது என் கருத்தன்று. தடுப்பது ஓர் வன்செயல். தடுப்பவனே அதற்கு நியாயம் காட்டக் கடமைப்பட்டவன் என்று ஹியூமர் கூறும்போது, அவர் நம் இடதுசாரிகளும் தேசியவாதிகளும் மறந்துவிட்ட ஓர் உண்மையைக் கூறுகிறார். 1964 ஒப்பந்தத்தைத் தேசிய நலன் என்றும் இராசதந்திர வெற்றி என்றும் பாராட்டியவர்களுக்கு, அது மனிதர்களின் மீது செய்யப்பட்ட வன்செயல் என்பது தோன்றவேயில்லை. அவ்வகையில் இக்கோட்பாட்டின் கூர்மை பாராட்டற்பாலது. அதன் குறை, அரசு என்ற ஒரே எசமானனை மட்டுமே அது காண்பதிலுள்ளது. துரையும் கங்காணியும் அதன் கண்ணிற் படுவதில்லை.

நாடற்றோர் பிரச்சினை 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டத்தாலும் 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் சட்டப்படி தீர்க்கப்பட்டது. வாக்குரிமை மீண்டது, அமைச்சர்களும் வந்தனர். ஆயினும் 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் பணிகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சென்றடையத் தடையாயிருந்தது. வீதிக்கும் விளக்குக்கும் அப்பால் நின்ற அத்தடை 2018 இலேயே திருத்தப்பட்டது. லயத்து அறைகளின் நிலவுரிமை பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்னமும் கிடைக்கவில்லை. அழைக்கும் உரிமை நிலவுரிமையாளனுக்கு மாத்திரமே உண்டு என்பது ஹொப்பேயின் சித்தாந்தம். அச்சித்தாந்தப்படி, ஆறு தலைமுறையாக ஒரே லயத்தில் வாழும் குடும்பமொன்று, நீலகிரிக்கு அனுப்பப்பட்ட தன் சிற்றப்பனின் மக்களைத் தீபாவளிக்கு வீட்டுக்கு அழைப்பதற்கும் உரித்துடையதன்று. கந்தோரில் கேட்டே அழைக்க வேண்டும்.